உட்காரச் சொன்னவர்

என் அக்காவின் கணவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன். ஒரு கதவுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி, வலது கையைக் காற்றில் அமுக்கி அமுக்கி, “உட்காருங்க உட்காருங்க, நான்தான் நான்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல” என்று சொல்கிற அந்த மனிதர்தான். உங்கள் கைப்பேசியிலேயே இருந்திருப்பார். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவரைப்போல் செய்து காட்டியிருப்பார்கள். கோபமாக எழுந்து நின்ற யாரையாவது கிண்டல் செய்ய நீங்களே அந்தக் கையை அசைத்திருப்பீர்கள். நானும் அசைத்தவன்தான், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அது எந்தக் கதவு என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருக்கிற ஐ.சி.யூ.வின் கதவு அது. நான் அதே மாடியின் கோடியில் எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறேன். மாமாவுக்கு அந்தக் கதவில் பத்தொன்பது வருஷம். உள்ளே கேட்கிற மருந்துச் சீட்டை வெளியே கொண்டுவருவது, வெளியே இருப்பவர்கள் கொடுக்கும் துண்டு சோப்பை உள்ளே கொண்டுபோவது, டாக்டர் கூப்பிட்டால் உறவுக்காரர்களை அழைத்துப்போவது, இவ்வளவுதான் வேலை. அக்காவைக் கேட்டால், அவருக்குக் கத்தரிக்காய்கூடப் பார்த்து வாங்கத் தெரியாது, வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மூன்று நாள் இருட்டில்தான் இருக்க வேண்டும் என்பாள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கதவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கதவுக்கு வெளியே நீளமான நடை. இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகச் சேர்த்துத் தரையில் முடுக்கிய இரும்பு நாற்காலிகள். எல்லோருடைய சார்ஜரும் சண்டை போடுகிற ஒரே ஒரு பிளக். அங்கே முப்பது பேராவது எப்போதும் காத்திருப்பார்கள். கதவு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை திறக்கும். அழுக்குத் துணி வெளியே வரும், ஆக்சிஜன் உள்ளே போகும், நர்ஸ் சாப்பிடப் போவாள். ஒவ்வொரு தடவையும் முப்பது பேரும் விசுக்கென்று எழுந்து நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் முப்பது உயிர் தொண்டைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஆரம்ப வருஷங்களில் ஒருநாள் ஒரு எலெக்ட்ரீஷியன் அப்படி எழுந்து நின்றபடியே தன் மனைவியின் செய்தியைக் கேட்டார். கேட்டதும் அப்படியே சாய்ந்து, நாற்காலி முனையில் புருவம் கிழிந்து, கீழே விழுந்தார். மனைவியின் உடலைக் கீழே கொண்டுபோகும்போது இவருக்கு அடுத்த அறையில் ஏழு தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்துதான் அந்தக் கை அமுக்கல் ஆரம்பித்தது. கதவு திறந்ததும் முதலில் அவர் தலை தெரியும், கை தெரியும். உட்காருங்க உட்காருங்க, நான்தான் நான்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல. ஜனங்கள் மூச்சுவிட்டு உட்காருவார்கள்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. செய்தி கெட்டதாக இருந்தால் அவர் கையைத் தூக்கமாட்டார், வாயைத் திறக்கமாட்டார். முழுசாக வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நேராகப் போய் அந்த உறவுக்காரர் பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்துகொள்வார். “டாக்டர் உங்ககிட்ட பேசணும்ங்கறார். நான் கூடவே வர்றேன்” என்பார். அவ்வளவுதான். அந்த நடையில் இரண்டு நாள் இருந்தவர்களுக்கெல்லாம் இது தெரிந்துவிடும். அவர் கையைத் தூக்காமல் வந்தால் மற்றவர்கள் தலையைக் குனிந்து, வழிவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எலெக்ட்ரீஷியனுக்குப் பிறகு அங்கே ஒருவரும் விழவில்லை. மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

பிறகு யாரோ ஒருத்தர் அவரைப் படம் எடுத்தார். பதினொரு விநாடி. எடுத்தவர் கெட்டவர் இல்லை. தன் அம்மா உள்ளே இருக்கிற கவலையில், ‘எங்களுக்கு இங்கே தைரியம் சொல்கிற ஒரே மனிதர்’ என்று எழுதித்தான் போட்டார். அதை ஒரு இருநூறு பேர் பார்த்திருப்பார்கள். அத்தோடு நின்றிருந்தால் நல்ல விஷயம். கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் அதற்கு மேளத்தைச் சேர்த்தார். மாமா எல்லாவற்றையும் இரண்டு இரண்டு தடவை சொல்வார் இல்லையா, அது தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கல்லூரிப் பெண்கள் ஆடினார்கள். ஒரு விளையாட்டு வீரர் ஜெயித்ததும் எதிர் அணியைப் பார்த்துக் கையை அமுக்கினார். சட்டசபையில் ஒரு உறுப்பினர் இன்னொரு உறுப்பினரைப் பார்த்து “உட்காருங்க உட்காருங்க” என்றதும் சபாநாயகரே சிரித்துவிட்டார். சோபாக் கடைக்காரன் விட்டுவைப்பானா, அவனும் போட்டான்.

எனக்கு இதில் ஒன்றுதான் புரிந்தது. உலகத்தில் எல்லோருக்கும் யாரையாவது உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. மேலதிகாரியை, மருமகளை, எதிர்க்கட்சியை. அதற்கு ஒரு கையும் மூன்று சொல்லும் இலவசமாகக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? மூன்றாவது வாரத்தில் யாரோ படத்தைச் சின்னதாக்குவதற்காகக் கதவை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர்களுக்கு அது ஆஸ்பத்திரி என்பதே தெரியாது. மாமா காற்றிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். ‘எங்க மாமா!’ என்று கீழே எழுதி.

முதலில் வீட்டில் கொண்டாட்டம்தான். அக்கா அடுப்படியிலிருந்து, “உங்க மாமாவுக்குத் தலைகால் புரியல, சட்டைப்பையில சீப்பு வச்சுக்கிட்டுப் போறாருடா” என்று சிரித்தாள். ஆமாம், வைத்துக்கொண்டுதான் போனார். நடையில் யாராவது கைப்பேசியைத் தூக்கினால் ஒரு சின்னச் சிரிப்பு சிரிக்கவும் பழகிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் அவரை யாரும் படம் எடுத்ததில்லை, கல்யாண ஆல்பத்தைத் தவிர. அதிலும் முக்கால்வாசி அக்காதான்.

ஆனால் சீக்கிரமே நடையின் கதையே மாறியது. கதவு திறந்தால் எழுந்து நின்றார்கள், பயத்தில் இல்லை, படம் எடுக்க. மற்ற மாடியிலிருந்தெல்லாம் வந்து நின்றார்கள். மாமா வாயைத் திறப்பதற்குள் அவர்களே கோரஸாக “நான்தான் நான்தான்” என்றார்கள். ஒருநாள் மத்தியானம் மாமா எக்ஸ்ரே அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, இதை நிறுத்த முடியுமா?”

“எதை மாமா?”

“இதைத்தான். அதுல ஏதாவது பொத்தான் இருக்குமே.”

நான் முயற்சி செய்யாமல் இல்லை. அந்த வீடியோக்களுக்குக் கீழே, ‘இது ஐ.சி.யூ. வாசல், தயவுசெய்து பரப்பாதீர்கள்’ என்று எழுதினேன். அதற்கு நானூறு பேர் ‘உட்காருங்க உட்காருங்க’ என்று பதில் போட்டார்கள். மேளம் சேர்த்தவரைத் தேடிப்பிடித்துப் போனேன். பாவம், நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, “தெரியாம பண்ணிட்டேன் சார்” என்று என் கண்முன்னாலேயே அழித்தார். நான் பஸ் ஏறி வீடு வருவதற்குள் முன்சீட்டில் ஒருத்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஒருத்தன் செய்தால் சட்டையைப் பிடிக்கலாம். ஊரே சேர்ந்து, அதுவும் பிரியமாகச் செய்தால், எந்தச் சட்டையைப் பிடிப்பது?

மாமா மேலாளரிடம் போய், அடித்தளத்தில் இருக்கிற துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். மேலாளர் எழுந்து வந்து கைகொடுத்தார். “நீங்கதான் இப்ப நம்ம ஆஸ்பத்திரியோட முகம். உங்களைப் போய் அடித்தளத்துல வைப்பேனா?” என்றார். அந்த வாரமே வரவேற்பறையில் மாமாவின் ஆளுயரப் படம் வந்துவிட்டது, கையை அமுக்கியபடி.

அந்த வாரத்தில்தான் தையற்கடையில் வேலை செய்கிற ஒரு பெண் நடையில் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். உள்ளே அவள் அப்பா, இதயக் கோளாறு. ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி வாக்கில் நான் எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கதவு திறந்தது. மாமா முழுசாக வெளியே வந்தார். கை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் அந்தப் பழைய வழக்கமெல்லாம் அழிந்துபோயிருந்தது, நடையில் வேறு யாருக்கும் புரியவில்லை. மாமா சும்மா இருந்ததை அவர்கள் வேடிக்கைக்கு முந்தின நிறுத்தம் என்று நினைத்தார்கள். ஏழெட்டுக் கைப்பேசிகள் மேலே போயின. யாரோ “உட்காருங்க உட்காருங்க” என்று எடுத்துக்கொடுக்க, மீதிப்பேர் “நான்தான் நான்தான்” என்று முடித்தார்கள். அந்தப் பெண்ணும் கைப்பேசியைப் பிடித்தபடி வாய்விட்டுச் சிரித்தாள். மாமா அந்தச் சிரிப்புக்கு நடுவே நடந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “டாக்டர் உங்ககிட்ட பேசணும்ங்கறார்மா. நான் கூடவே வர்றேன்.”

அவள் சிரித்தபடியே, “அப்பாவை வார்டுக்கு மாத்தறாங்களாண்ணே?” என்று கேட்டாள். மாமா எழுந்து நின்றார். அவளும் எழுந்தாள். கதவுவரை போகும்போது அவள் முகம் எப்படி மாறியது என்று நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு மாமா யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள், “அந்தப் பொண்ணு சிரிச்சதுக்கு இவர் என்ன பண்ணுவாரு?” என்று அழுதாள். மாமாவும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஊர் சிரித்தது, நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன் என்று. கையைத் தூக்கவில்லை, பேசவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன் என்று. அந்த ஒரு பிடிமானம் அவருக்கு இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். ஏதோ சான்றிதழ் வாங்க வந்தவள், மாமாவைத் தேடி எக்ஸ்ரே அறைக்கே வந்துவிட்டாள். அங்கே என்னோடு உட்கார்ந்திருந்த மாமா அவசரமாக எழுந்தார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

“அண்ணே, உங்களைத் திட்ட வரல. ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“அப்பாவுக்கு உங்க வீடியோன்னா உசுரு. மொத ரெண்டு நாள் நல்லா பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. அந்த ஆளு இங்கதாம்பா இருக்காருன்னு சொன்னேன். நெஜமாவா, என்னைத் தாண்டி நாலு தடவை போனாரே, அவரா அதுன்னு ஒரே சிரிப்பு. நேர்ல எடுத்துட்டு வந்து காட்டுன்னாரு. அவருக்குக் காட்டத்தான் எடுத்தேன்.” கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தாள். “என்னால இதை அழிக்கவும் முடியல, பாக்கவும் முடியல. நீங்க ஒரு தடவை பாருங்க. நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேனான்னு சொல்லுங்க.”

மாமா பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். பத்தொன்பது விநாடி. கதவு திறக்கிறது. மாமா வருகிறார். கை தொங்குகிறது. நடை முழுக்கக் கூச்சல். அவளுடைய சிரிப்பு எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில் கேட்கிறது. மாமா அவளை நோக்கி, கைப்பேசியை நோக்கி நடந்து வருகிறார். முகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. பெரிய சிரிப்பில்லை. கைப்பேசியைத் தூக்குகிறவர்களுக்காக ஒன்றரை மாதமாக அவர் பழகிக்கொண்டாரே, அந்தச் சின்னச் சிரிப்பு. தனக்கே தெரியாமல் சிரித்திருக்கிறார்.

“நீங்க சிரிச்சுக்கிட்டே வந்தீங்கண்ணே,” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. “அதனாலதான் அப்பா பொழைச்சுட்டாருன்னு நெனச்சேன்.”

மாமா இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “சரிண்ணே, வர்றேன்” என்று போனாள்.

மாமா அன்றைக்குக் கதவுக்குத் திரும்பப் போகவில்லை. உள்ளேயிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். மூன்றாவது தடவை நான்தான் போனேன். ஒரு பெரியவரின் மகனைக் கூப்பிட வேண்டும், டாக்டர் பேசணும்ங்கறார் என்று நர்ஸ் சொன்னாள். நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். முப்பது பேர் எழுந்து நின்றார்கள். என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.