சித்தியின் வராந்தா

மழைக்காலத்தில் செம்பாக்கத்து எங்கள் வீட்டு 'கிரில் கேட்'டைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளங்கையில் ஏறும் துருவாடை, சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாமல் சோற்றுத் தட்டுவரை கூடவே வரும். எனக்கு அந்த வாடைதான் சித்தி. என் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் கூட்டுக் குடும்பத்துக்குள் வந்த அவரைத்தான் இன்று நவீன நடனத்தின் முன்னோடி என்று மேடைக்கு மேடை புகழ்கிறார்கள். அன்று அவருக்கு வாய்த்த மேடையோ, ஒரு பக்கம் சித்தப்பாவின் ஸ்கூட்டரும் மறுபக்கம் அரிசி மூட்டைகளும் அடைத்துக்கொண்ட, அந்தக் கேட்டுக்கு உள்ளேயிருந்த முன் 'வராந்தா'.

கல்யாணத்துக்கு முன்பே பரதத்தை விட்டுவிட்டு, பாட்டும் சாமி கதையும் இல்லாமல் வெறும் உடம்பை வைத்தே ஆடப் பழகியிருந்தார் சித்தி. இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆட்டம் என்றால் சலங்கை, இதுதான் வயலை விற்று வாடகை வீடுகள் கட்டிய எங்கள் குடும்பத்தின் கலைஞானம். ஆகவே நகரத்துச் சபா ஒன்றில் ஆடச் சித்தி ஒப்புக்கொண்ட சேதி கசிந்ததும், வீட்டை ஆண்ட பெரியம்மா செய்த முதல் காரியம், அவருடைய பழைய சலங்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதுதான். "கூத்தாடறதுக்கா உன்ன கட்டிகினு வந்தோம்? இனிமே எப்டி ஆடறேன்னு பாக்கறேன்" என்றார். "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சித்தப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பீரோவைப் பூட்டிய நிம்மதியில் பெரியம்மா மத்தியானத் தூக்கம் போட, கதவுக்கு இந்தப் பக்கம் சித்தி ஆடிக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று குதிகால் தரையில் படாமல், ஸ்கூட்டரில் இடிக்காமல் பக்கவாட்டில் ஒடுங்கி, மூட்டை வரைக்கும் போய்த் திரும்புவார். இது டான்ஸா, இல்லை உடம்புக்கு ஏதாவதா என்று முதலில் பயந்த நான், பிறகு லீவு நாளெல்லாம் அங்கேயே பழியாய்க் கிடந்தேன்.

சபா நாளும் கிருத்திகையும் ஒன்றாய் வந்து விழுந்தன. குடும்பமே வேன் பிடித்துக் குன்றத்தூர் முருகனைப் பார்க்கக் கிளம்பியபோது, காய்ச்சலில் கிடந்த என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சித்தியை நிறுத்தினார்கள். "ஏரிப் பக்கம் திருடன் ஜாஸ்தியா கீது" என்று பெரியம்மா கேட்டை வெளியிலிருந்து பூட்டினார். அது திருடனுக்குப் போட்ட பூட்டு இல்லை என்பது எனக்கே புரிந்தது. வேன் சத்தம் தெருமுனையில் அடங்கியதும், வெளியே போக வேண்டிய வேலை எதுவும் இல்லாத எனக்கே மூச்சு முட்டியது.

சாயங்காலம் சபாக்காரர் காரோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

"டைம் ஆச்சு மேடம். சாவி எங்க?"

"குன்றத்தூர் போயிருக்கு சார். நீங்க கிளம்புங்க" என்றார் சித்தி.

அழுவார் என்று நினைத்தேன். அவரோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த மனிதருக்கு முன்னாலேயே ஆடத் தொடங்கினார். மூட்டைக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே சுழன்று சுழன்று வந்தவர், கடைசியில் கம்பிகளுக்கிடையே வலது கையை நீட்டினார். முழங்கை வரை போன கை அதற்குமேல் போகாமல் சிக்கி நின்றது. அப்படியே வெகுநேரம் நின்றார். சபாக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பாகப்பிரிவினை ஆன பிறகுதான் சித்திக்கு விடிந்தது. சேலையூரில் ஒரு மாடியறையைப் பிடித்து வகுப்பு தொடங்கினார். ஊர் ஊராகப் போய் ஆடினார். "மேடையில இவ்ளோ இடம் இருக்கே சித்தி, ஏன் நடுவுலயே சுத்தறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "கால் போவ மாட்டேங்குதுடி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சித்தி போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி; கேட்டைப் பழைய இரும்புக்காரர் எடைக்குத் தூக்கிப் போனார். சென்ற மாதம் சித்தியின் நினைவு விழாவில் மாணவிகள் அந்த ஆட்டத்தை ஆடினார்கள். "எவ்வளவு அடக்கம் பாருங்க, என்ன ஒரு மினிமலிசம்!" என்று பக்கத்து நாற்காலிக்காரர் உருகினார். அந்தப் பெண்களில் ஒருத்திகூட எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. குதிகால் படாமல் போய், ஒடுங்கித் திரும்பி, ஒன்றுமில்லாத வெளியில் முழங்கை வரை கையை நீட்டி நிறுத்தினார்கள். அத்தனை பெரிய மேடையில், சித்தப்பாவின் ஸ்கூட்டருக்கு இடம் விட்டே ஆடினார்கள்.