மேரியின் பிரஸ்ஸும் பேசும் அறையும்

மராத்தி பேசும் ஊரான கசார்வாடியில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் மேரிக்கு ஒரு தகர ஷெட் உண்டு. உள்ளே இரண்டு பவர் பிரஸ், இரும்புத் தகட்டை அடித்து வெட்டும் இயந்திரங்கள். கணவர் ஜெயசீலன் இறந்தபோது அவற்றை விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். மேரி அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, மிதிப்பலகையில் கால் வைத்துப் பழகிக்கொண்டாள். சிஞ்ச்வட் கம்பெனிகளுக்கு வாஷர் அடித்துக் கொடுத்தே பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். அவளுக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

பக்கத்து குடோனை இடித்து மக்கள் ஊடக மையம் கட்ட ஆரம்பித்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் தங்கள் விஷயங்களைத் தாங்களே பேசிப் பதிவு செய்து வானொலியில் விட ஓர் இடம். வேலையை மேற்பார்வையிட்டவர் விஸ்வேஸ்வரன், பக்கத்து நிக்டியில் குடியிருக்கும் தமிழர், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேரி தமிழ் என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. கட்டடத்துக்குத் தண்ணீரே அவள் குழாயிலிருந்துதான் போயிற்று.

முதல் சோதனைப் பதிவு நடந்த அன்று அவர் ஷெட் வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"மேரிம்மா, உங்க பிரஸ் சத்தம் மைக்ல விழறது. சுவருக்குப் பஞ்சு, ரெட்டைக் கண்ணாடி எல்லாம் போட்டாச்சு. இது தரை வழியா வரது."

"அதுக்கு என்னய என்ன செய்யச் சொல்லுதிய?"

"பதிவு நடக்கறச்சே மட்டும் நிறுத்தினேள்னா..."

"எப்ப நடக்கும்?"

"பகல் பூராவும்."

மேரி மிதிப்பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை. "அப்ப எங்க காம், பொழப்பெல்லாம் எப்ப நடக்கும் ஸார்? கட்டுததுக்கு முன்னால ஒருதரம் வந்து கேட்டிருக்கலாம்லா."

அவர் திரும்பிப் போய்விட்டார். மாநகராட்சியில் புகார் கொடுக்கலாம் என்று மையத்தின் கமிட்டியில் யாரோ பேசியது மேரியின் காதுக்கு எட்டியது. அன்றே தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டாள்.

மறுநாள் விஸ்வேஸ்வரன் மறுபடி வந்தார். "புகாரெல்லாம் யாரும் தரப்போறதில்லை. நான் விடமாட்டேன். நீங்க ஒருதடவை உள்ள வந்து பாருங்கோ."

சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனாள். பிரஸ்ஸில், அவளிடம் வேலை பார்க்கும் காவ்யா உட்கார்ந்திருந்தாள். பதிவு அறையின் கனத்த கதவு மூடியதும் காது அடைத்தது போலிருந்தது. மைக் முன்னால் இருந்தவள் மேரி தினமும் காய் வாங்கும் சுனந்தா. பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போன கதையை மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் 'டொம்' என்றது. நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி 'டொம்'. மறுபடி முதலிலிருந்து. ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

மேரி வெளியே வந்து தன் ஷெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு விஸ்வேஸ்வரனிடம் சொன்னாள்: "பெரிய பிரஸ்ஸ பின்பக்கம் தள்ளிப் போடலாம். அஸ்திவாரம் நீங்கதான் போட்டுத் தரணும்."

மேரி தண்ணீர்க் குழாயை மறுபடி மாட்டிவிட, மையத்தின் ஆட்களே குழி தோண்டி, ரப்பர் விரித்து, காங்கிரீட் போட்டுக் கொடுத்தார்கள். சத்தம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. ஆகவே மத்தியானம் இரண்டு மணி நேரம் அவள் நிறுத்துவதென்றும், அப்போது மட்டும் பதிவு செய்து, மீதி நேரம் மையத்தார் வேறு வேலை பார்ப்பதென்றும் முடிவாயிற்று. மையத்தால் நினைத்ததில் பாதி நிகழ்ச்சிதான் செய்ய முடிந்தது. மேரிக்கும் வேலை முடிய இருட்டிவிடுகிறது.

திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். டெலிவரி இருந்ததால் காவ்யாவை அனுப்பினாள். காவ்யா சமோசாப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, மையத்தைத் திறந்து வைக்க வந்தவரே அரை மணி நேரம் பேசினார் என்றாள். இருவரும் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.