வெங்காயப் பாத்தியில் லாவெண்டர்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் பக்கம் சட்டனில் கவுன்சில் எங்களுக்கு ஒரு தோட்டத் துண்டு வாடகைக்குத் தந்தது. மண்வெட்டி கைக்கு வந்ததும் என் கணவர் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டை மறந்து முழு யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஆகிவிட்டார். பாத்தி பிரித்து, வரம்பு கட்டி, எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் ஓட ஒரே வாய்க்காலும் வெட்டினார். கைக்குட்டை அளவு நிலத்துக்கு ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால் முறைப்பார். நான் அதில் சின்ன வெங்காயம் நட்டேன். கடை வெங்காயத்தில் இடித்த சம்பல் எனக்குத் தொண்டையில் இறங்காது.

மூன்றாம் வருடம் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தோடு வந்தார்.

"வெங்காயத்துக்கு நடுவில லாவெண்டர் வைக்கலாமப்பா. அந்த மணத்துக்குப் பூச்சி வராது. பூவில எண்ணெய் வடிச்சா அப்டன் பார்க் கடைக்காரர் வாங்குவினம். ஒரு மண், ரெண்டு வரும்படி."

"அப்ப வெங்காயம்?"

"இந்த வருசம் ஊடுபயிர். நல்லா வந்தா அடுத்த வருசம் முழுக்க லாவெண்டர்தான்."

அந்தச் செடி தழைத்தால் என் வெங்காயத்துக்கு இடமில்லை. ஆனாலும் நல்ல மனைவியாகச் சிரித்தபடி கன்றுகளை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனி மாதம் பக்கத்துத் துண்டை வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் என்னை வேலியோரம் கூப்பிட்டார். லாவெண்டருக்கு அதிகம் தண்ணீர் ஆகாது, வேர் அழுகிவிடும், கணவரிடம் சொல்லுங்கள் என்றார். நன்றி கூறிவிட்டு வந்தேன். கணவரிடம் மூச்சு விடவில்லை. யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்குச் செடியைக் கண்டால் கை சும்மா இராது, இறைத்தே கொல்லுவார். நான் ஒரு பாவமும் அறியாதவள்.

அப்படியே நடந்தது. அந்தக் கோடையில் மழை குறைவு. மனிதர் வாளி வாளியாக வாய்க்காலில் ஊற்றினார். வெங்காயம் கொழுத்தது, லாவெண்டர் அடியிலிருந்து கறுத்தது. ஆவணியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அழுகிய வேரைப் பார்த்துப் பார்த்து வரம்பில் போட்டார். எண்ணெய் ஊற்ற அவர் வாங்கிக் கழுவி அடுக்கியிருந்த குட்டிப் போத்தல்கள் எங்கள் குசினியில் இன்னும் நின்றன. அதை நினைத்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. சொல்லிவிட்டேன்.

"பக்கத்துக் கிழவர் தண்ணி விட வேண்டாமெண்டு எனக்குச் சொன்னவர். நான்தான் உங்களிட்டச் சொல்லேல்லை."

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "எனக்கும் சொன்னவர்," என்றார்.

"பிறகு ஏன் இறைச்சனீங்கள்?"

"ஒரே வாய்க்கால்தானே. இறைக்காட்டி உம்மட வெங்காயமெல்லோ காஞ்சுபோம்."

கோபித்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.