சக்கரமில்லாத வண்டிகள் ஓடிய கடை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். வரி மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லோடு சீட்டுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லப் பார்த்து முடியாமல் போனதால்தான் எழுதுகிறேன்.

நான் மினி லாரி ஓட்டுகிறேன். பலமனேர் மண்டியில் காய்கறி ஏற்றி, சித்தூர், புத்தூர் வழியாக ஸ்ரீ சிட்டி கம்பெனி கேன்டீன்களில் இறக்குவது வேலை. வீடு புத்தூரில். போன பங்குனியில் சித்தூரில் டயர் பஞ்சராகிவிட்டது. ஒட்டி முடிக்கும் வரை நிழலுக்காகப் பக்கத்திலிருந்த பழைய சாமான் கடையில் ஒதுங்கினேன். மிக்ஸியும் ஃபேன் மோட்டாரும் குவிந்து கிடந்த இடத்தில், வட்ட மூடி போட்ட ஒரு சாம்பல் நிறப் பெட்டி கண்ணில் பட்டது.

"பழைய டிவிடிண்ணா அது. ஓடுமான்னு மட்டும் கேக்காதே," என்றார் கடைக்காரர்.

அது டிவிடி இல்லை, வீடியோ கேம் பெட்டி என்று எனக்குத் தெரியும். ஆனால் புது ஆட்களிடம் எதிர்த்துப் பேச எனக்கு வராது. தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு ரிமோட், மார்க்கரால் எழுதிய நான்கு சிடி, ஒரு சின்ன மெமரி கார்டு, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் டிவியில் மாட்டினேன். சிடி கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத் திரும்பவும் போட்டேன். ஓடியது. இந்தப் பெட்டிகள் பழசானால் லென்ஸ் இறங்கிவிடும், கவிழ்த்தால்தான் சிடியைப் படிக்கும். கை அதை மறக்கவில்லை.

"இன்னாங்க இது, ஆமைய கவுத்த மாதிரி கவுத்து வச்சிகினு?" என்றாள் மனைவி.

மூன்றாவது சிடியில் எனக்குப் பழக்கமான அந்தப் பந்தய ஆட்டம் இருந்தது. திரை கறுத்தது. 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எழுந்தது. ரோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி சக்கரமில்லாத வண்டி ஒன்று வந்து நின்றது.

"நாள் முழுக்க லாரி ஓட்டுனது போதலியா? இங்க வந்து வேற ஓட்டணுமா? அதுவும் சக்கரம் கூட இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். நான் ரிமோட்டைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இருபத்திரண்டு வயதில் திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் கடையில் வேலை பார்த்தேன். ஒரே அறை, ஐந்து டிவி, ஐந்து கவிழ்ந்த பெட்டி. மலையிலிருந்து இறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் மொட்டைத் தலைகளும், கல்லூரிப் பையன்களும் வருவார்கள். முதலாளி தெலுங்குக்காரர். வேலைக்கு இரண்டு பேர், இருவரும் தமிழ். ஒருவன் நான். இன்னொருவன் நகரிக்காரன், வீட்டில் பவர்லூம். தறிச் சத்தம் பிடிக்காமல் திருப்பதிக்கு வந்தவன். என்னைவிட ஒரு வயது பெரியவன், ஆனாலும் நண்பனாகிவிட்டான். பத்தாவது வரை படித்தவன், இங்கிலீஷ் நன்றாகப் படிப்பான்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எண்ணிக்கையை வைத்துச் சமாளித்தேன். ரிமோட்டில் கீழே இரண்டு தட்டி, பெருக்கல் குறி போட்ட பட்டனை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். கீழே மூன்று என்றால் இரண்டு பேர் ஆட்டம். பந்தயம் முடிந்ததும் வெள்ளைக் கட்டத்தில் ஒரு கேள்வி வரும், பெருக்கல் குறி அழுத்தினால் ஜெயித்ததெல்லாம் மெமரி கார்டில் பதிவாகும். அந்தப் பாடத்தைத் தாண்டி நான் போனதில்லை.

அந்தச் சக்கரமில்லாத வண்டி ஆட்டத்தில் முதலில் மூன்று பாதைகள்தான் திறந்திருக்கும். ஜெயிக்க ஜெயிக்க மற்றவை திறக்கும். கடைசிப் பாதை கடலுக்கு மேலே போகும், அதற்கென்று ஒரு கறுப்பு வண்டி. என் நண்பன் மதியச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் உட்கார்ந்து ஐந்து மாதத்தில் அதைத் திறந்தான். திருப்பதியில் வேறு எந்தக் கடையிலும் அது திறக்கவில்லை. அதற்காகவே பையன்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தூரில் இரண்டாவது கடை போடப்போவதாகவும், அதை இவனே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லியிருந்தார். அவன் அந்தக் கடைக்கு மனதுக்குள் வண்ணம்கூட அடித்துவிட்டான்.

"இன்னும் இருபது வருஷத்துல நம்ம புத்தூர் ரோட்டுலயே இப்பிடித்தான் பறக்கப்போறோம் மச்சான். சக்கரமே இருக்காது, பாரு."

"சக்கரம் இல்லன்னா பஞ்சர் கடைக்காரன் இன்னா துன்னுவான்?"

"நீ ஏண்டா எப்பவும் கீழயே பாக்குற?" என்று என் தலையில் தட்டுவான்.

ஒரு நாள் காலை அவன் எதிர்க்கடைக்கு இட்லி சாப்பிடப் போயிருந்தான். நான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். கார்டைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்பச் செருகினேன். கடையில் யாருமில்லை. ஆள் இருக்கும்போது ஆட எனக்குக் கூச்சம். கடைசிப் பாதையில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆட்டத்தைப் போட்டேன்.

திரையில் வழக்கமில்லாத ஒன்று வந்தது. சிவப்பு எழுத்தில் மூன்று வரி, கீழே இரண்டு சின்ன சொற்கள். வெள்ளைக் கட்டம் இல்லை. ஏதோ வேறு என்று பட்டது. எழுந்து வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்திருந்தால் அவன் இட்லிக் கையோடு வந்து படித்துச் சொல்லியிருப்பான். ஆனால் இட்லிக் கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். படிக்கத் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் கத்த வேண்டும். எல்லாம் ஒரே கேள்விதானே என்று பெருக்கல் குறியை அழுத்தினேன்.

மூன்று பாதைகள்தான் இருந்தன. கறுப்பு வண்டியைக் காணவில்லை. பெட்டியை அணைத்தேன். கார்டை எடுத்து மறுபடி செருகினேன். அப்போதும் மூன்றுதான். திரும்ப அணைத்துவிட்டு டிவியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நீ துன்னியா?" என்று கேட்டபடி அவன் உள்ளே வந்தான்.

"உம்," என்றேன். அன்று நான் சாப்பிடவே இல்லை.

பதினோரு மணிக்குக் கல்லூரிப் பையன்கள் வந்தபோது விஷயம் தெரிந்தது. அவன் நம்பாமல் திரும்பத் திரும்பக் கார்டைச் செருகிப் பார்த்தான். முதலாளி வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, "வாடிகி சதுவே ராது," என்றார். இவனுக்குப் படிக்கவே வராது, இவன் எதற்கு அங்கே கை வைக்கப் போகிறான் என்று அர்த்தம். யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் படிக்காதது எனக்கு உதவிய ஒரே நாள் அது. கார்டைப் பற்றி நான் பொய் சொல்லவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

ஒரு கார்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவனிடம் ஒரு கடையை எப்படிக் கொடுப்பது என்று முதலாளி சொல்லிவிட்டார். சித்தூர் கடைக்கு அவருடைய மைத்துனர் போனார். என் நண்பன் ஒரு வாரம் தலை குனிந்து வேலை பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு நகரிக்கே, அந்தத் தறிகளுக்கே திரும்பிப் போனான். ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன். அந்தக் கார்டுகள் தானாகவும் கெட்டுப்போகும். அன்று அது தானாகவே கெட்டிருக்கலாம். நான் அழுத்தியது வேறு ஏதாவதாக இருக்கலாம். இருபது வருடத்துக்கு மேல் இதை வைத்துத்தான் ஓட்டினேன்.

புத்தூர் வீட்டில் முதல் பந்தயத்தை முடித்ததும் அந்தத் திரை வந்தது. சிவப்பு எழுத்து, மூன்று வரி, கீழே இரண்டு சொற்கள். தெரிந்த ஆளின் முகம் மாதிரி உடனே அடையாளம் தெரிந்தது. திருப்பதியில் படிக்கும் என் மகள் அன்று விடுமுறைக்கு வந்திருந்தாள். கூப்பிட்டேன்.

"இன்னா போட்டுக்கீதுன்னு படிம்மா."

"கார்டு ரெடியா இல்லியாம் நைனா. சரியா சொருவிக்கீதான்னு பாக்கச் சொல்லுது. புதுசா ரெடி பண்ணா உள்ள கீறதெல்லாம் அழிஞ்சிடுமாம். பண்ணவா வேணாவான்னு கேக்குது."

"அப்பிடியேவா போட்டுக்கீது?"

"அப்பிடியேதான். ஏன், இதுல எதுனா வச்சிருந்தியா?"

இல்லை என்றேன். சரி அழுத்து என்றேன். அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

திருப்பதியில் அன்று நான் ஊதிவிட்டுக் கார்டை முழுசாக உள்ளே தள்ளவில்லை. எடுத்துச் சரியாகச் செருகியிருந்தால் போதும், எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அந்தப் பெட்டி எனக்கு எச்சரிக்கை சொல்லி, அனுமதியும் கேட்டிருக்கிறது. நான்தான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

என் நண்பன் எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். பலமனேரில் பெண்ணெடுத்து, மண்டியில் தக்காளி தரம் பிரித்து அனுப்பும் வேலை செய்கிறான். இரண்டு வருடமாக அவனைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. வெறும் கையோடு போகவும் மனமில்லை. பங்குனியிலிருந்து ஆடி வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து எல்லாப் பாதைகளையும் திறந்தேன். கடைசியில் கறுப்பு வண்டியும் வந்தது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பலமனேர் போனேன்.

"டேய்! மீசையெல்லாம் வெள்ளையடிச்சிட்டியேடா!" என்று மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். காபி வந்தது. இடையில் ஒரு வியாபாரி வந்து போனில் பணம் அனுப்பியதாகச் சொன்னார். என் நண்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதைத் திறக்காமலே மனைவியிடம் நீட்டினான்.

"இவருக்கு ஒரு பட்டன் அழுத்தணும்னாலும் நான் வரணுண்ணா," என்று அந்தம்மா சிரித்தார்.

"எனக்கும் மெஷினுக்கும் ராசியில்ல மச்சான். உனக்குத் தெரியாததா? அன்னிக்கு அந்தக் கார்ட நாந்தானே அழிச்சேன்."

"யாரு சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? முதலாளி தொடமாட்டாரு. உனக்கு அந்தப் பக்கம் போகவே தெரியாது. மிச்சம் யாரு, நாந்தானே? தூக்கக் கலக்கத்துல எதையோ அழுத்திக்கீறேன். அதுலருந்து எதத் தொட்டாலும் ஒரு பயம்."

முதலாளி போட்டு, என்னைக் காப்பாற்றிய அதே கணக்கை அவனும் போட்டு, தன்னையே குற்றவாளியாக்கி வைத்திருந்தான். எங்கள் இரண்டு பேரில் கெட்டிக்காரன் அவன். பட்டனைப் பார்த்துப் பயப்பட வேண்டியவன் அவன் இல்லை.

பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். "அடப்பாவி!" என்றான். என் கையிலிருந்து வாங்கி, நான் சொல்லாமலே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான். இருவரும் சிரித்தோம். கடைசிப் பாதையில் ஓட்டினோம். அவன் கை கொஞ்சமும் மாறவில்லை. என்னை ஒரு முழுச் சுற்று பின்னால் விட்டான்.

"இன்னும் கீழயே பாத்துகினு ஓட்டுறியே மச்சான்!"

பந்தயம் முடிந்தது. வெள்ளைக் கட்டத்தில் கேள்வி வந்தது. அவன் ரிமோட்டை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"நீயே அழுத்து. நான் அழுத்துனா போயிடும்."

நான் அழுத்தினேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். அந்தம்மா காபி தம்ளரை எடுக்க வந்து நின்றார். வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "லோடு வாடிடும், நான் கெளம்புறேன்," என்று எழுந்துவிட்டேன். பெட்டியையும் கார்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அவை எனக்குப் பதிலாகச் சொல்லிவிடும் என்பது போல.

அதன் பிறகு இதை எழுத மூன்று முறை நோட்டை எடுத்து மூடிவிட்டேன். மகள் தன் போனிலேயே பிழையில்லாமல் அடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். திருப்பதிக் கடைப் பலகையில் தினமும் காலை நான்தான் தேதி எழுதுவேன். என் கோணல் எழுத்தைப் பார்த்து அதிகம் சிரித்தவன் அவன்தான். யார் எழுதியது என்று அவன் கேட்க வேண்டியிருக்காது. நாளைக்குப் பலமனேர் லோடு இருக்கிறது. இந்த நோட்டை அவன் கையில் கொடுக்க வேண்டும். இவ்வளவும் படிக்க நேரமில்லை என்றால், இதை மட்டுமாவது அவன் படிக்கட்டும்: கார்டை அழித்தது நான். நீ இல்லை.

ஐப்பசி பத்தொன்பது, புதன்கிழமை.