தண்ணீர்மலையில் எட்டுப் படம்

பினாங்கு காடும் புலியுமாய்க் கிடக்கிறது என்று எவனோ என் மாமனாரிடம் ஓதிவிட்டான். "பிரசவத்துக்கு வரும் மகளைத் திரும்ப அந்தக் காட்டுக்கு அனுப்புவதாயில்லை" என்று அவரும் கடுதாசி போட்டுவிட்டார். என் மனைவி சிவகாமிக்கு அப்போது ஏழாம் மாதம். சனிக்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல். எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஊரின் அழகைப் படம் பிடித்து அவளிடம் கொடுத்தனுப்பினால் மனுஷர் மனம் மாறும் என்று பட்டது. ஒரு பெட்டிக் காமெரா வாங்கினேன். சுருளுக்கு எட்டே படம். ஆயுத பூசையில் என் பேனா, அவள் அரிவாள்மணையோடு அதற்கும் பூசை நடந்தது. மறுநாள் விஜயதசமி. அன்று தொடங்கினால் எந்த வித்தையும் கைகூடும் என்பார்களே, அதை நம்பிக் கிளம்பினோம்.

காலை ஏழேகாலுக்கு ரிக்‌ஷா ஏறினோம். தண்ணீர்மலைப் பூந்தோட்டம் நாலு மைல், கூலி நாற்பது காசு. அவள் வயிற்றைப் பார்த்ததுமே ரிக்‌ஷாக்காரச் சீனர், "பெலான் பெலான் லா" என்று தானாகவே மெல்ல இழுத்தார். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது மணிக்கு முன் மரத்தடியில் வெயில் விழாது. வெயில் இல்லாமல் இந்தப் பெட்டிக்குக் கண் தெரியாது.

நாகலிங்கப் பூ, மூங்கில் புதர், ஓடை என்று ஆறு படம் எடுத்தேன். ஏழாவது ஒரு குரங்கு. வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பழம் கொண்டுபோகாதீர்கள். கடைசிப் படம் அருவிக்கென்று வைத்திருந்தேன். பெட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்தபோது, எதிரே நின்ற சிவகாமி வீலென்று கத்தினாள்.

"ஐயையோ! நான் வச்ச பொட்டுங்க!"

பூசையில் காமெராவின் நெற்றி இதுதான் என்று, படம் பிடிக்கும் கண்ணாடியிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். காலையில் நான் அவசரத்தில் கட்டைவிரலால் தேய்த்து மெழுகிவிட்டிருக்கிறேன். நாம் குனிந்து பார்க்கும் கண்ணாடி வேறு என்பதால் எனக்குத் தெரியவேயில்லை. ஏழு படமும் போச்சு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் முந்தானையை ஓடையில் நனைத்துத் துடைத்தாள். "அருவி எங்க போவப்போவுது? நீங்க போய் நில்லுங்க, நான் அமுக்குறேன்" என்றாள்.

"உங்கப்பாவுக்கு ஊரைக் காட்டணும்டி. என் மூஞ்சியை வச்சு அவர் என்ன செய்வார்?"

"நான் பாத்துக்கிட்டிருக்க வேணாமா?"

சட்டையை நீவிவிட்டுக்கொண்டேன். போய் நின்றேன்.

ஸ்டூடியோக்காரர் வெள்ளிக்கிழமை படங்களைக் கொடுத்தார். ஏழும் ஒரே புகை. எட்டாவதில் அருவி பின்னால் எங்கோ கிடக்க, விறைத்துப்போய் நான். அந்த ஒன்றோடு அவள் கப்பலேறினாள்.

புதிதாய்க் காமெரா பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொட்டைத் தோலுறையில் வையுங்கள், கிளம்புமுன் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள், ஐப்பசி மழை பிற்பகலில் பிடித்துக்கொள்ளும் என்பதால் பதினொன்றுக்குள் திரும்புங்கள். ஒரு படத்தையாவது கூட வந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

நேற்று சிவகாமியின் கடுதாசி வந்தது. அப்பா படத்தை வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாராம். அருவியைப் பற்றி ஒரு பேச்சில்லை.

"மாப்பிள்ளை இப்படித் துரும்பா இளைச்சுக் கெடக்காரே! பிள்ளைக்கு மூணு மாசம் ஆனதும் கிளம்பு தாயி" என்றாராம்.