சோகைக்கு நத்தைக் கறி

என் மனைவியின் உடம்பில் இரத்தம் வற்றிக்கொண்டிருந்தபோது, அவள் நிறம் ஏறி அழகாகி வருகிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். யுத்த காலம் அது. தருமபுரியில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. மனைவிக்கு ஆறாம் மாதம். அவள் முகம் வெளுக்க வெளுக்க, எல்லாம் நான் வாங்கிக் கொடுத்த வாசனைச் சோப்பின் மகிமை என்று சக வாத்தியார்களிடம் அளந்தேன். ஒருவர் அதை நம்பி, அதே சோப்பைத் தேடி சேலம் வரை போய்வந்தார்.

அதியமான்கோட்டையிலிருந்து அவளுடைய அக்கா வந்தார். கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே தங்கையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, கண்ணுல சொட்டு ரத்தமில்ல. இத்தனை நாளா என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

டாக்டரும் சோகை என்றார். இப்படியே பிரசவத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஈரல் சத்து ஊசி யுத்தத்தில் கிடைக்கவில்லை. எழுதிக் கொடுத்த இரும்பு டானிக்கோ, உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

அக்கா ஊருக்குப் போய் ஒரு பானையோடு திரும்பினார். உள்ளே ஏரி நத்தை. நாங்கள் கறி தின்கிறவர்கள்தான். ஆனால் எங்கள் தெருவில், நத்தை வெந்த வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். நான் சொன்ன அதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டே நத்தைகளை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணைக் கக்க வைத்தார். மறுநாள் வேகவைத்து, ஒவ்வொன்றையும் கருவேல முள்ளால் குத்தி இழுத்து, குடலைக் கிள்ளியெறிந்து, வழவழப்புப் போக உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, மிளகு தூக்கலாக வறுத்தார். அந்தப் பொறுமையில் கால்வாசி இருந்திருந்தால் நான் பி.ஏ. முடித்திருப்பேன்.

மனைவி தட்டைத் தள்ளிவிட்டாள். சீமையில் பெரிய பெரிய துரைமார்கள் விருந்தில் சிப்பியும் நத்தையும் சாப்பிடுகிறார்கள் என்று நான் படித்ததைப் பிரசங்கம் செய்தேன்.

“அப்ப மொதல்ல நீங்க தின்னுங்க,” என்றாள்.

முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவதைக் கண்ணைத் திறந்துகொண்டு. அதற்கு மேல் யாரும் என்னை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அவளும் சாப்பிட்டாள். வயிறு ஏற்றுக்கொண்டது.

மிச்சம் ஓடுகள். ரகசியமாகப் புதைக்கலாம் என்று நான் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அக்கா பையைப் பிடுங்கி, தெருவே பார்க்க, வாசல் குப்பையில் கொட்டினார்.

“அக்கா! நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“சொல்லட்டுங்க. எந்தங்கச்சி செத்தா அந்த நாலு பேரா உங்க வூட்டுக்கு வந்து புள்ளைய வளத்துவாங்க?”

எதிர்வீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த மாதம் அதே அம்மாள் கொல்லைப்பக்கமாக வந்து, தன் மருமகளுக்கு என்று கிண்ணத்தை நீட்டினார். அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. வழிய வழியப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் நான் வியப்பது அதைத்தான்.

நத்தை விஷயத்தை டாக்டரிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர், “நல்லா வேகவெச்சுக் குடுங்க. டானிக்கையும் விட்டுடாதீங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக் குடுங்க,” என்றார். வாரம் தவறாமல் நத்தைப் பானை வந்தது; இமைக்குள் மெல்லச் சிவப்பு திரும்பியது.

பெண் குழந்தை. தாயும் நலம். கையைக் கழுவிக்கொண்டே மருத்துவச்சி கேட்டார்: “நல்லாத் தேறியிருக்காங்களே, என்னங்க குடுத்தீங்க?”

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்:

“நத்தைங்க. அவளுக்குப் பாதி, இவருக்குப் பாதி. அவளுக்கு ரத்தம் ஊறுச்சு, இவருக்குத் தொப்பை.”