கொழுந்துப் பெட்டிக்கும் காற்றுப் பார்த்தவர்

புஷ்பா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஹட்டனில் டயர் கடை வைத்திருக்கும் நசீர் நானா. நான் அப்போது பட்டிப்பொலவில் இருந்தேன். நான் ஓட்டும் பிக்கப்பின் பின்னால் ஹோட்டலின் கெரவன் நின்றது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துச் சக்கரம் பூட்டிய வீடு அது. உள்ளே விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள்.

"தம்பி, புஷ்பா தங்கச்சி தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னு கொண்டு போயிருக்காங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சி."

"நேத்துக்கூட என்னை ஏசினாங்களே நானா" என்றேன்.

"ஏசுறவங்க மௌத்தாக மாட்டாங்களா தம்பி?" என்றார். போனை வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து ஒருவர் இன்னும் கொஞ்சம் தேநீர் கிடைக்குமா என்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். அன்று மாலை வரை அந்த வீட்டை இழுத்துக்கொண்டு திரிந்தேன். வேலையை விட்டுவிட்டு வர எனக்கு அனுமதி கிடைக்கவில்லை.

கொட்டகலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டலாக இருக்கிறது. தோட்டமும் ஹோட்டலும் ஒரே கம்பெனி, நிர்வாகம் பார்க்கும் துரையும் ஒருவரே. அங்கே வாகனப் பிரிவின் கிளார்க்காக இருந்தவர் புஷ்பலதா. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, லயத்திலிருந்தே வேலைக்கு வந்தவர். அவரை அறிந்த எல்லோருக்கும் அவருடைய குரலும் தெரியும், வாந்தியும் தெரியும். வாகனப் பிரிவில் வேலை செய்துகொண்டே எந்த வாகனத்திலும் நான்கு வளைவுக்கு மேல் தாங்காத ஒரே மனுஷி அவர்தான். எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறுவார். "வாந்தி மிஸ் வர்றாங்க, ஜன்னலத் தொறங்கப்பா" என்று டிரைவர்மார் கிண்டல் செய்வார்கள். "உங்க டிரைவிங்குக்கு வாந்திதான்டா சரியான மார்க்" என்பார்.

கெரவன் வந்த புதிதில் அதை ஆளில்லாமல் நானுஓயாப் பக்கம் இழுத்துப் பார்த்தேன். பின்னால் ஒரு டயர் போனது எனக்குத் தெரியவே இல்லை. இழுத்துப் போகிறவனுக்குப் பின்வண்டி எதையும் சொல்லாது. ஸ்டியரிங் எப்போதும் போலத்தான் இருந்தது. எதிரே வந்த பஸ்காரர் கையை ஆட்டிச் சிங்களத்தில் கத்தினார். இறங்கிப் பார்த்தால் ரப்பர் நாராகக் கிழிந்து, இரும்பு ரோட்டில் உரசிப் புகைந்துகொண்டிருந்தது. கம்பெனி ஆடிப்போய்விட்டது. கெரவனின் விலை அப்படி. மறுநாளே, ஓடும்போது டயரின் காற்றையும் சூட்டையும் டிரைவருக்குக் காட்டும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி புஷ்பா அக்காவுக்கு உத்தரவு வந்தது.

நசீர் நானா மூன்று வகைகளை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் வால்வின் மூடி இருக்கும் இடத்தில் ஒரு சென்சரைத் திருக வேண்டும். அது அனுப்பும் செய்தி முன்னால் டிரைவருக்கு வரும். ஒன்றில் செய்தி போனுக்கு வந்தது.

"வளைவுல போனப் பாக்குற டிரைவர் எனக்கு வேணாம்" என்று அதைத் தள்ளி வைத்தார் அக்கா.

இன்னொன்றில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு கூவலும் மட்டும் இருந்தன. எந்த டயர், எவ்வளவு குறைந்தது என்று அது சொல்லாது. விலை மலிவு, துரைக்கு அதுதான் பிடித்திருந்தது. மூன்றாவதில் எல்லா டயர்களுக்கும் தனித்தனி எண்கள் ஒரே முகப்பில் ஒன்றாகத் தெரிந்தன. பின்வண்டியில் பொருத்த ஒரு சின்னப் பெட்டியும் அதனோடு வந்தது. பின் சக்கரத்தின் செய்தியை வாங்கி முன்னால் தள்ளிவிடுவது அதன் வேலை.

"இது நல்ல சாமான் தங்கச்சி. ஆனா ரப்பர் வால்வ மாத்தி இரும்பு வால்வு போடணும். இல்லாட்டி நம்ம ரோட்டு ஆட்டத்துல சென்சரோட பாரத்துக்கு வால்வே காத்து விட்டுரும்."

"இத விக்கணும்னு சொல்றீங்களா, நெசமாச் சொல்றீங்களா?"

"ரெண்டுந்தான். நான் கடைதானே வச்சிருக்கேன், பள்ளிவாசலா?"

அக்கா சிரித்தார். ஆனால் நம்பவில்லை. விளக்கு மட்டும் உள்ளதையும் எண்கள் உள்ளதையும் இரவலாக வாங்கி, தோட்டத்து ரோட்டில் ஒரு மூடுபனி நாளில் கெரவனில் மாட்டினோம். வளைவுக்கு வளைவு நிறுத்தி, நான் பின்னால் போய் ஒரு டயரில் காற்றை இறக்குவேன். முன்னால் உட்கார்ந்து எலுமிச்சையை முகர்ந்தபடி அவர் பார்ப்பார். விளக்குக் கருவி ஹோட்டல் முற்றத்தில் ஒழுங்காகக் கூவியது. ரோட்டில் இரண்டு முறை ஊமையாக இருந்தது. வளைவில் திரும்பி, நடுவில் அவ்வளவு நீள வீடு நின்றால் செய்தி எப்படி வரும்?

"முத்தத்துல வேலை செஞ்சிச்சே" என்றார் துரை.

"டயர் முத்தத்துல வெடிக்காது தொர" என்றார் அக்கா.

எண்கள் காட்டும் கருவிக்கு அனுமதி கிடைத்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். அக்கா அதோடு விடவில்லை. "இதே மாதிரி இன்னொன்னு வேணும். கொழுந்துப் பெட்டிக்கு" என்றார்.

கொழுந்துப் பெட்டி என்பது தோட்டத்து டிரெக்டர் இழுக்கும் டிரெயிலர். பெயருக்குத்தான் கொழுந்து. காலையில் மேல்மலைக்கும் பிறகு கீழ் டிவிசனுக்கும் பெண்களை நிற்க வைத்து அள்ளிக்கொண்டு போவது அதுதான். அதன் டயர்களில் ரோட்டைப் பிடிக்கும் வெட்டு என்று ஒன்று இருந்த காலம் யாருக்கும் நினைவில்லை.

துரை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் தமிழை நன்றாகப் பேசுவார். "புஷ்பா, அது கொழுந்து ஏத்துற பெட்டி. அதுல ஆள் போறதில்ல."

கம்பெனியின் சட்டப்படி அது உண்மை. ஆள் ஏற்றக் கூடாத பெட்டி என்பதால் அதில் ஆளில்லை. ஆளில்லாத பெட்டிக்குப் பாதுகாப்பு எதற்கு? ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அதில் நிற்பார்கள். காகிதத்தில் அவர்கள் இல்லை.

"அப்ப நாளைக்குக் காலைல பெரட்டுக்கு வந்து, ஆள் எடுக்குற எடத்துலயே அதச் சொல்லுங்க தொர" என்றார் அக்கா. "அவங்க நடந்தே மலைக்குப் போகட்டும். கொழுந்து மத்தியானத்துக்கு மேல வரும்."

"நீ வாகனத்தப் பாரு. ஆளுகள நான் பாக்குறேன்."

வெளியே வந்ததும் நான் கேட்டேன்: "எதுக்குக்கா தொரகிட்ட இப்படி? கொஞ்சம் மரியாதையாப் பேசியிருக்கலாம்ல."

"பயமா இருந்தா பயம்னு சொல்லுடா. மரியாதைன்னு பேர் வைக்காத."

அவர் சொன்னவற்றில் என்னை இன்றுவரை உறுத்துவது அந்த வாக்கியம்தான். எங்கள் மலையில் எத்தனை வணக்கங்களை அது உரித்துக் காட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கருவி வந்த வாரம் மழை. விருந்தாளிகள் இல்லை. கெரவன் கொட்டகைக்குள் நின்றது. ஆள் ஏறுமுன் நன்றாகச் சோதித்துப் பார்க்கும்படி துரை சொல்லியிருந்தார். அக்கா நசீர் நானாவை வரவழைத்துச் சென்சர்களைக் கொழுந்துப் பெட்டியில் பூட்டினார். "சோதிக்கச் சொன்னாங்க. எதுலன்னு சொல்லலியே" என்றார். டிரெக்டரின் ஒரு பக்க மட்கார்டில் அவரும் மறுபக்க மட்கார்டில் நானும் உட்கார்ந்தோம். ஓட்டியவர் மணியம் அண்ணன். பெட்டி நிறையப் பெண்கள்.

"மிஸ், வாந்தி எங்க பக்கம் வந்துறாமப் பாத்துக்குங்க" என்று பார்வதி அக்கா பின்னாலிருந்து கத்தினார். கொழுந்து எடுப்பதில் அவரை முந்த ஆளில்லை, வாயிலும்தான்.

"காத்து உங்க பக்கந்தான் அடிக்குது பார்வதி. வேண்டிக்க!"

மேல்மலையிலிருந்து கீழ் டிவிசனுக்கு இறங்கும் கல் ரோடு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பாதி இறக்கத்தில் கருவி கூவத் தொடங்கியது. மணியம் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிச் சத்தத்தை அமர்த்தினார்.

"என்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல மிஸ். மழைன்னா நாங்க காத்தக் கொஞ்சம் எறக்கிட்டுத்தான் ஓட்டுவோம். அப்பத்தான் கல்லுல புடிக்கும். கடைக்குப் போறப்ப திருப்பி அடிச்சுக்குவோம். அது தெரியாம இந்த மெசின் கத்துது."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் தோட்டங்களில் டிரெக்டர் ஓட்டுகிற எல்லோரும் செய்வது அது. கருவி மறுபடி கூவியது. மறுபடி அமர்த்தினார். விளக்கும் கூவலும் மட்டும் உள்ள கருவியாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அக்கா எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை கையிலிருந்து விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

"மணியம், நீ காத்த எறக்கினது நாலுலயுமா, ஒண்ணுலயா?"

"நாலுலயுந்தான்."

"மூணு நம்பர் அப்படியே நிக்குது. ஒண்ணு மட்டும் எறங்கிக்கிட்டே போகுது. நிப்பாட்டு."

"இந்த எறக்கத்துலயா? வளைவத் தாண்டி நிப்பாட்டுறேன் மிஸ். கங்காணி வேற கத்துவாரு."

"வளைவு வரைக்கும் அது தாங்கும்னு உனக்கு யாரு சொன்னா? நிப்பாட்டுடா!"

அவர் பிரேக்கை மிதித்தார். பெட்டி தள்ளிக்கொண்டு வந்து முட்டி நின்றது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஏசினார்கள். எல்லோரையும் இறங்கச் சொன்னார் அக்கா. யாரும் உடனே இறங்கவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது, கீழே போய்ச் சேரத் தாமதமானால் அன்றைய கொழுந்தின் நிறை குறையும். "சும்மா கத்துற மெசினுக்காக நாங்க நனையணுமா மிஸ்?" என்று பார்வதி அக்காவே கேட்டார்.

"பார்வதி, நான் உனக்கு என்னைக்காச்சும் பொய் சொல்லியிருக்கேனா? எறங்கு."

அவர் இறங்கினார். மற்றவர்கள் முணுமுணுத்தபடி பின்னால் இறங்கினார்கள். வழியை அடைக்காமல் தேயிலைப் பக்கமாக ஒதுக்கலாம் என்று மணியம் அண்ணன் வெறும் பெட்டியை மெல்ல நகர்த்தினார். இரண்டு அடி போயிருக்காது. கல் கிழித்திருந்த டயர் இரும்பை விட்டுக் கழன்றது. பெட்டி பள்ளத்தின் பக்கம் சரிந்து, ஒரு மூலை விளிம்புக்கு வெளியே தொங்க, மறுபக்கச் சக்கரம் அந்தரத்தில் நின்றது. டிரெக்டரின் பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

பார்வதி அக்கா ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் நின்ற பிறகுதான் புஷ்பா அக்கா வாந்தி எடுத்தார். அன்று யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை.

இதற்காக அவருக்குக் கிடைத்தது விசாரணை. ஹோட்டல் சொத்தைத் தோட்டத்து வண்டியில் பூட்ட யார் அனுமதி கொடுத்தது என்பதுதான் கேள்வி. பெட்டியில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அதில் ஆள் போவதை ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அக்காவை வாகனப் பிரிவிலிருந்து எடுத்து, விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை எண்ணும் இடத்தில் போட்டார்கள். சென்சர்கள் கெரவனுக்குப் போயின.

மறுநாள் பெரட்டில் பெண்கள் பலர் பெட்டியில் ஏற மறுத்து நடந்தார்கள். தாமதத்துக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டது தோட்டம். சில நாளில் கொழுந்துப் பெட்டிக்குப் புது டயர் வந்தது. கருவி வரவில்லை. முழங்கால் வலிக்காரர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஓடி வருகிறவர்களும் மறுபடி ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பார்வதி அக்காவும் இன்னும் சிலரும் கடைசிவரை நடந்தார்கள். புஷ்பா அக்கா ஒவ்வொரு மாதமும் துரையிடம் போய் அதே கருவியைக் கேட்டார். "தொந்தரவு பண்றேன்னு சொல்றாங்க. ஆமா, அதுக்குத்தான் போறேன்" என்பார். கேட்டபடியேதான் செத்துப்போனார்.

அடக்கத்தன்று கம்பெனி மலர்வளையம் அனுப்பியது. மேல்மலையில் இருந்த பெண்களைச் சுடுகாட்டுக்குக் கூட்டிவரக் கொழுந்துப் பெட்டியையும் அனுப்பியது. நானும் அங்கே நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கங்காணி எல்லோரையும் ஏறச் சொன்னார். பார்வதி அக்கா மணியம் அண்ணனிடம் போனார்.

"மெசின் பூட்டியிருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப நாங்க நடக்குறோம்."

அன்று எல்லோரும் நடந்தார்கள். அரைப்பேருக்குப் பயந்து மறுபடி ஏறியவர்களும், முழங்கால் வலிக்காரர்களும். கங்காணி சத்தம் போட்டுப் பார்த்து விட்டுவிட்டார். மணியம் அண்ணன் அவர்களை முந்திப் போகவில்லை. டிரெக்டரை முதல் கியரில் போட்டு, அந்தப் பெண்களின் நடைக்குப் பின்னால், அந்த இறக்கம் முழுவதும் வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டே வந்தார்.

புஷ்பா அக்காவை அறிந்தவர்கள் அவருடைய சிரிப்பையும் ஏச்சையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த வெறும் பெட்டியை வைத்துக்கொள்கிறேன். அதில் ஆள் போவதில்லை என்று துரை சொன்னது அந்த ஒரு நாள் மட்டும் உண்மையாக இருந்தது.